நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? விளம்பரம், பிரீடர், கடை, காப்பகம்: எந்த வழியில் எவ்வளவு ஆபத்து?

போன ஆடியில் என் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மரத்தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும் ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டி. கீழே எழுதியிருந்தாள்: "சித்தி, ஐயாயிரம்தான். பெங்களூரிலிருந்து மதுரைக்கு வீட்டுக்கே அனுப்பி வைப்பாங்களாம். டோக்கன் ரெண்டாயிரம் போட்டுட்டேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் தெரிந்தது. நம் வீடுகளில் இருப்பதுபோல மூன்று வட்டத் துளைகள் அதில் இல்லை. செங்குத்தாக இரண்டு கீறல், கீழே ஒரு சிறு துளை. அமெரிக்க வீடுகளில் இருக்கும் பிளக் பாயின்ட் அது. எங்கிருந்தோ எடுத்த படம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவைக்க மூன்று நாள் ஆனது. அதற்குள் "டிரைவர்" என்று ஒருவன் பேசி, கூண்டுக்கு 3,500 கேட்டு வாங்கிவிட்டான். குட்டி வந்து சேர்ந்ததும் அந்தப் பணம் திரும்ப வரும் என்றானாம். மூன்றாம் நாள், வண்டி ஓசூர் செக்போஸ்ட்டில் நிற்கிறது, ஊசிச் சான்று இல்லாததால் பிடித்து வைத்திருக்கிறார்கள், 6,000 அனுப்பினால்தான் விடுவார்கள் என்று குரல் பதிவு வந்தது. பின்னணியில் ஒரு குட்டி முனகும் சத்தம்.

அவள் அழுதது பணத்துக்காக இல்லை. டியூஷன் எடுத்துச் சேர்த்த 5,500 ரூபாய் போனதைவிட, ஒரு குட்டி வெயிலில் கூண்டுக்குள் கிடக்கிறதே என்றுதான் அழுதாள். அப்படி ஒரு குட்டியே இல்லை என்று அவளை நம்பவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மனிதரின் இந்த இரக்கத்தை வைத்துத்தான் அந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். பணம் அனுப்பாவிட்டால் மிருகவதை வழக்குப் போடுவோம் என்று கடைசியில் மிரட்டவும் செய்தார்கள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நானும் அவளும் நாய் தேடினோம். விளம்பரங்கள், பிரீடர் (நாய் வளர்த்துக் குட்டி விற்பவர்) வீடுகள், கடைகள், காப்பகம் என்று எல்லாவற்றையும் பார்த்தோம். எந்த வழி யாருக்குப் பொருந்தும், எங்கே ஏமாற வாய்ப்பு அதிகம் என்று எங்களுக்குத் தெரியவந்ததை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது?

என் தாத்தா மாட்டுச் சந்தைக்குப் போய் காளை வாங்கிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் தரகரோடு துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அச்சாரம் கொடுப்பதும் உண்டு, ஆனால் மாட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான். மீதிப் பணம் கை மாறும் நேரத்தில் கயிறும் கை மாறும். பணம் ஓர் ஊரிலும் மாடு வேறோர் ஊரிலும் இருப்பது என்கிற பேச்சே கிடையாது.

நாய்க்குட்டிக்கும் அதே கணக்குதான். ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தோம். பணமும் குட்டியும் ஒரே இடத்தில் கை மாறுகின்றனவா? குட்டியின் தாயைப் பார்க்க முடிகிறதா? அடுத்த மாதம் ஒரு பிரச்சினை என்றால் அந்த ஆள் அதே விலாசத்தில் இருப்பாரா? விலை, இனம், பேப்பர் (பரம்பரைப் பதிவுச் சான்று) எல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

விளம்பரம் பார்த்து, பணம் அனுப்பி, வீட்டுக்கே வரவழைப்பது

மூன்று கேள்விக்கும் "இல்லை" என்று பதில் வரும் ஒரே வழி இதுதான். இதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. நேர்மையாக அனுப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நேர்மையானவர் யார், மோசடிக்காரர் யார் என்று பணம் போகும் வரை பிரித்துப் பார்க்க உங்களிடம் ஒரு வழியும் இல்லை.

ஃபேஸ்புக்கில் இந்த விளம்பரங்கள் ஏன் எப்போதும் மறைமுகமாகவே இருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? விலை போட மாட்டார்கள். "இன்பாக்ஸ் வாங்க", "ரீஹோமிங் சார்ஜ் (வேறு வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் கட்டணம்) மட்டும்" என்பார்கள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் உயிருள்ள விலங்குகளை விற்பதை அந்தத் தளத்தின் விதிகளே தடுக்கின்றன. அதனால்தான் இந்தச் சுற்றுப் பேச்சு. அங்கே ஏமாந்தால் தளத்திடம் போய் நியாயம் கேட்க முடியாது என்பது இதில் அடங்கிய இன்னொரு ஆபத்து.

யூடியூபில் கென்னல் (நாய்ப் பண்ணை) சுற்றிக் காட்டும் காணொளிகளைப் பார்த்து நம்புகிறவர்களும் நிறைய. அந்தக் காணொளியில் வரும் கென்னல் உண்மையாகவே இருக்கலாம். அதே காணொளியை வெட்டி, வேறு ஃபோன் எண்ணை ஒட்டி, இன்னொருவர் சுற்றுக்கு விடுவது சுலபம். நாங்கள் ஒரு திருச்சி பிரீடரிடம் பேசியபோது, தன் குட்டிகளின் படம் யாரோ ஒருவருடைய விளம்பரத்தில் வந்திருப்பதை அவரே எங்களுக்குக் காட்டினார்.

சரி, விளம்பரத்தில்தான் முதலில் பார்த்தீர்கள், பிடித்துவிட்டது. அப்போது என்ன செய்யலாம்? படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறு ஊர், வேறு வருடம் என்று அதே படம் வந்தால் அத்தோடு விட்டுவிடலாம். வராவிட்டால் வீடியோ கால் கேளுங்கள். ஆனால் குட்டி விளையாடுவதைக் காட்டினால் போதாது, பதிவு செய்த காணொளியையும் ஓட்டிக் காட்டலாம். "இடது காதைத் தூக்கிக் காட்டுங்க", "தாயையும் குட்டியையும் ஒரே காட்சியில் காட்டுங்க", "இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்க" என்று அந்த நேரத்தில் தோன்றுவதைக் கேளுங்கள். உண்மையான ஆள் சிரித்துக்கொண்டே செய்வார். மற்றவர் "நெட்வொர்க் சரியில்ல மேடம்" என்பார்.

இன்னொன்று, பணம் அனுப்பும்போது யூபிஐ திரையில் வங்கிக் கணக்குக்காரரின் பெயர் வரும். பேசுகிற ஆளின் பெயரும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். அக்கா மகள் அனுப்பிய இரண்டு தடவையும் இரண்டு வெவ்வேறு பெயர்கள் வந்திருக்கின்றன. பேசியவனின் பெயர் மூன்றாவது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை.

விலையும் ஒரு சாட்சி. தாய்க்குத் தீனி, டாக்டர் செலவு, குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, முதல் ஊசி என்று ஒரு ஈற்றுக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். ஒழுங்காக வளர்த்தவர் கோல்டன் குட்டியை 5,000 ரூபாய்க்குக் கொடுக்கவே முடியாது. நாங்கள் நேரில் விசாரித்த இடங்களில் பேப்பர் இல்லாத குட்டிக்கே 15,000 ரூபாய்க்குக் கீழே யாரும் சொல்லவில்லை.

வெளியூர் பிரீடர்தான் வேண்டும் என்றால் நீங்கள் போக வேண்டும். முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கும் உறவினரோ நண்பரோ போய்ப் பார்த்து, பணத்தையும் அங்கேயே கொடுக்கட்டும். ஒரு நாள் லீவும் பஸ் செலவும்தான் போகும். "ரயிலில் ஏற்றிவிட்டேன்" என்று யாராவது சொன்னால் பார்சல் ரசீதைக் கேளுங்கள். நாயை ரயிலில் அனுப்ப, அனுப்புகிறவர் பார்சல் அலுவலகத்தில் பதிந்து கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். வழியில் நிறுத்தி, வாங்குகிறவரின் ஃபோனுக்குக் கூப்பிட்டு, தனிநபர் யூபிஐக்கு "இன்சூரன்ஸ்" பணம் கேட்கும் வழக்கம் ரயில்வேயிலும் இல்லை, விமான நிறுவனங்களிலும் இல்லை.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் அனுப்பியதற்கான 12 இலக்கப் பரிமாற்ற எண், வங்கிக் கணக்கு விவரம், எதிராளியின் ஃபோன் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தி வைத்தால்தான் மீட்க முடியும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நாங்கள் மூன்றாம் நாள்தான் கூப்பிட்டோம். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், 999 ரூபாய் கட்டுங்கள் என்று வேறொருவன் பேசினான். ஏமாந்தவர்களின் எண்களும் கை மாறுகின்றன போலிருக்கிறது. அதற்கும் தயாராக இருங்கள்.

பிரீடரின் வீட்டுக்கே போவது

நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். நல்லதும் கெட்டதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

முதலில் ஒரு பிரீடர், வீட்டுக்கு வர வேண்டாம், வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காரில் கொண்டுவருகிறேன் என்றார். போனோம். அட்டைப்பெட்டியில் இரண்டு லேப்ரடார் குட்டிகள். எட்டு வாரம் முடிந்துவிட்டது என்றார். எங்களோடு வந்திருந்த கால்நடை டாக்டர் ஒரு குட்டியின் வாயை மெல்லத் திறந்தார். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் 28-ம் வந்திருக்கும். இதற்குக் கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தன. ஐந்து வாரம்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

ஊசி புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் ஐந்து நோய்களுக்கான ஊசி இரண்டு முறை, ரேபிஸ் ஊசி ஒரு முறை போட்டதாக எழுதியிருந்தது. முதல் ஊசியே ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடுவது. அடுத்தது மூன்று நான்கு வாரம் கழித்து. ரேபிஸ் மூன்று மாத வாக்கில். ஆக, எட்டு வாரக் குட்டியின் புத்தகத்தில் ஒரு பதிவுதான் இருக்க முடியும். போதாததற்கு, மூன்று தேதியும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் இருந்தன. டாக்டர் ஊசி போட்டால் மருந்துப் புட்டியிலிருந்து சின்ன ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டுவார். அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் கையெழுத்தும் பதிவு எண்ணோடு முத்திரையும் இருக்கும். அந்தப் புத்தகத்தில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை.

நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்கென்று 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஐந்து வாரத்தில் தாயைப் பிரிந்த குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடிக்காமல் விளையாடக் கற்றிருக்காது. பயந்த குட்டியாகவும் வளரும். அந்தப் பெட்டிக்குள் இருந்த இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன. அவற்றை விட்டுவிட்டு வருவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கப்பட்டு வாங்கினால் அதே தாய்க்கு அடுத்த ஈற்று உடனே தொடங்கும். வாங்கவில்லை.

அப்புறம் திருச்சியில் அந்த இன்னொரு வீடு. சிமென்ட் தரை, ஓரத்தில் சாக்குப் பை, அதன்மேல் தாய் ஒருக்களித்துக் கிடந்தது. பால் கட்டி மடி தொங்கியது. நாங்கள் உள்ளே போனதும் எழுந்து வந்து எங்கள் கையை மோந்து பார்த்துவிட்டுக் குட்டிகளிடம் திரும்பிப் போனது. சுவரில் சாக்பீஸால் ஒவ்வொரு குட்டியின் எடையும் வாரவாரியாக எழுதப்பட்டிருந்தது. நாங்கள் கேட்டதைவிட அவர் எங்களிடம் கேட்டதுதான் அதிகம். சொந்த வீடா, வாடகை வீடா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பகலில் யார் இருப்பீர்கள்? இதற்கு முன் வளர்த்திருக்கிறீர்களா? குட்டியை எங்கே கொடுக்கிறோம் என்று கவலைப்படுகிற பிரீடரை நம்பலாம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பேப்பர் விஷயம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவைத்தான் நம் ஊரில் "கே.சி.ஐ. பேப்பர்" என்கிறோம். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் பழைய சங்கம் அது. பேப்பர் என்பது பரம்பரைக்கான பதிவு மட்டுமே, குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கான சான்று இல்லை. "ஹெவி போன் (கனமான எலும்பு), டபுள் கோட் (இரட்டை ரோமம்), ஷோ குவாலிட்டி" என்று அடுக்குவதும் அப்படித்தான். ஆனால் பேப்பருக்கு என்று தனியாகப் பத்தாயிரம் அதிகம் கேட்டால், அது உண்மையா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்தியிருப்பார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். பணம் கொடுக்கும் முன் ரீடரை வைத்துப் பார்த்து, சான்றிதழில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். "பேப்பர் ரெண்டு மாசத்தில் கூரியரில் வரும்" என்றால், பேப்பர் இல்லாத விலையை இப்போது கொடுங்கள், மீதியைப் பேப்பர் வந்த பிறகு கொடுப்பதாக எழுதிக் கொள்ளுங்கள்.

இங்கேயும் அச்சாரம் கேட்பார்கள். ஆறு வாரக் குட்டியைப் பார்த்துவிட்டு எட்டு வாரத்தில் வாங்குவதாக இருந்தால் அது நியாயம்தான். நேரில் பார்த்த குட்டிக்கு, அவர் பெயரில் இருக்கும் கணக்குக்கு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதே சீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பத்து நாளுக்குள் பார்வோ என்னும் தொற்றுநோய் வந்தால் என்ன செய்வது? பெரும்பாலோர் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்பார்கள். பார்வோ கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரியவே மூன்றிலிருந்து ஏழு நாள் பிடிக்கும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். குட்டி வாந்தி எடுத்து, ரத்தமாகப் பேதி போகும்போது அந்த 48 மணி நேரம் எப்போதோ முடிந்திருக்கும். டாக்டரிடம் சில நிமிடங்களில் முடிவு காட்டும் பரிசோதனைக் கிட் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியிலேயே டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

கடையும் சந்தையும்

செல்லப்பிராணிக் கடைக்கு ஒரு நன்மை: கடை அங்கேயே இருக்கும். 2018-ன் விதிகளின்படி கடைக்கும் வாரியப் பதிவு வேண்டும், சான்றைக் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். பில் கிடைக்கும், தகராறு என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தாயைப் பார்க்க முடியாது என்பதுதான் பெரிய குறை. எந்தப் பிரீடரிடமிருந்து வந்த குட்டி என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லும் கடைகள் குறைவு.

சந்தை இதற்கு நேர்மாறு. சென்னை பிராட்வேயில் ஞாயிற்றுக்கிழமை கூடுவது போன்ற சந்தைகளில் குட்டியும் பணமும் கண்ணெதிரே கை மாறும். ஆனால் அடுத்த ஞாயிறு அந்த ஆள் அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. பல இடத்துக் குட்டிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் கூடையில் பார்வோ பரவ ஒரு நாள் போதும். அந்தக் கிருமி தரையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி வாங்கச் சந்தைக்குப் போகாதீர்கள்.

நாட்டு நாய் வேண்டும் என்பவர்களுக்கு

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இப்போது இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். சந்தோஷமான விஷயம். கூடவே மோசடியும் இங்கே இடம் மாறி வருகிறது. வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் ஆகாது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று அடையாளம் சொல்வார்கள். ஆனால் விளம்பரக்காரர் சொல்லாத ஒன்று, இந்த வெள்ளை இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. நேரில் போனால் கண்டுபிடிப்பது சுலபம். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வுக்கே திரும்பிவிடும். காற்றும் படக்கூடாது. மற்ற குட்டிகளிலிருந்து பிரித்துத் தனியாகச் சோதியுங்கள், இல்லாவிட்டால் ஒன்று திரும்புவதைப் பார்த்து இன்னொன்றும் திரும்பும். வீடியோவில் இதைச் சோதிக்கவே முடியாது.

சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு நாட்டு இனங்களுக்காகவே நெடுங்காலம் இயங்கியது. இப்போது அரசு வழியில் வாங்க முடியுமா என்று முதலில் கால்நடைத் துறையில் விசாரிப்பது நல்லது.  தென்மாவட்டக்காரர்களுக்கு இந்த நாய்களின் சொந்த ஊர்களே பக்கம்தான், ராஜபாளையமோ தேனி மாவட்டத்துக் கோம்பையோ காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் இவை காட்டிலும் கரிசல் வெளியிலும் ஓடி வேட்டையாடிய இனங்கள். அடுக்குமாடியில் இரண்டு அறைக்குள் வளர்க்க நினைத்தால் நாய்க்கும் பாவம், உங்களுக்கும் கஷ்டம். எங்களுக்கு மாடி வீடு. அதனால் விட்டுவிட்டோம்.

கிளி, ஆமை பற்றிக் கொஞ்சம்

நாய் தேடும் இடத்திலேயே பேசும் கிளியும் நட்சத்திர ஆமையும் விற்பனைக்கு வரும். நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வாங்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மோசடிக்காரர்களுக்கு இது ரொம்ப வசதி, ஏமாந்தவர் போலீசுக்குப் போகத் தயங்குவார். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்ட முடியாதவரிடம் பேச்சையே தொடர வேண்டாம். கிளி முட்டை அனுப்புகிறோம், நீங்களே பொரிக்கவைத்துக் கொள்ளுங்கள் என்றுகூட விளம்பரம் வருகிறது. குலுங்கிக் குலுங்கி வரும் முட்டை பொரிக்காது. முட்டை வந்து சேர்வதே சந்தேகம்தான்.

விற்கிறவர், கொடுக்கிறவர் பக்கம்

ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் வீட்டு லேப்ரடார் ஏழு குட்டி போட்டது. பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் போட்ட பத்தாவது நிமிடம் ஃபோன். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், மனைவி மதுரையில் இருப்பதாகவும், அவருக்குப் பிறந்தநாள் பரிசு தரப்போவதாகவும் இந்தியில் சொன்னான். குட்டியைப் பார்க்கவில்லை, விலை பேசவில்லை. அடையாள அட்டைப் படம் ஒன்று அனுப்பினான். அப்புறம் ஒரு கியூஆர் கோடு வந்தது. "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் உங்க கணக்குக்கு வந்துடும்."

பணம் வாங்க யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் அது பணம் கொடுப்பதுதான். அண்ணன் ஒரு ரூபாய் போட்டுச் சோதித்துப் பார்த்தார், அவன் இரண்டு ரூபாய் திருப்பி அனுப்பினான். நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த ஸ்கேனில் 12,000 போய்விட்டது. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் காட்டுவதும், வங்கியிலிருந்து வந்தது போலவே எஸ்எம்எஸ் அனுப்புவதும் இதே வகை. வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகுதான் குட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

விற்பவருக்கும் அதே மூன்று கேள்விதான், திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். விளம்பரத்தில் போட்டு யார் கேட்டாலும் கொடுப்பதைவிட, உங்கள் கால்நடை டாக்டரிடம் சொல்லி வைப்பது எவ்வளவோ மேல். அவர் அனுப்பும் ஆள் ஏற்கெனவே ஒரு நாயை ஒழுங்காக வளர்த்தவராக இருப்பார். குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், முடிந்தால் அவர்கள் வீட்டை நீங்களும் போய்ப் பாருங்கள். ஒரு வாரம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பதறுவது இலவசமாகக் கொடுக்கப்படும் பெண் நாய்கள். வெளிநாடு போகிறோம், நல்ல வீடு கிடைத்தால் போதும் என்று மனசாரப் பதிவு போடுவார்கள். கருத்தடை செய்யாத, மூன்று வயது, நல்ல இனப் பெண் நாய் என்றால் அன்றைக்கே பத்துப் பேர் வருவார்கள். அவர்களில் குட்டி போடவைத்து விற்பதற்காகவே வருகிறவரும் இருப்பார். அந்த நாயின் மீதி வாழ்நாள் இருட்டறையில் ஈற்றுக்கு ஈற்று போய்விடும். கொடுப்பதற்கு முன் கருத்தடை செய்துவிடுங்கள். அந்தச் செலவைச் செய்ததும் தவறான ஆட்கள் தாமாகவே விலகிவிடுவார்கள்.

காப்பகமும், வளர்ந்த நாயும்

மோசடி பயம் மிகக் குறைந்த வழி தத்தெடுப்பு. சென்னையில் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளும் பல ஊர்களில் சிறிய காப்பகங்களும் உள்ளன. நேரில் போக வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பலர் வீட்டைப் பார்க்கவும் வருவார்கள். ஆனால் "தத்துக்கு" என்று பதிவு போட்டு, முன்பணமாகப் போக்குவரத்துச் செலவு கேட்டால் அது மேலே சொன்ன பெங்களூர்க் குட்டிதான், வேறு வேடத்தில். நம் தெருவில் பிறக்கும் நாட்டுக் குட்டிகள் இந்த வெயிலுக்குப் பழகியவை. எங்கள் வீட்டில் அக்கா ஒத்துக்கொண்டிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்களுக்கு அமைந்தது வேறு. வழக்கமாகப் போகும் டாக்டரின் கிளினிக் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று வயதுப் பெண் லேப்ரடார், கருத்தடை ஆகிவிட்டது, வேலை மாற்றலால் நல்ல வீடு தேடுகிறோம் என்று கையால் எழுதியிருந்தார்கள். குட்டி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த அக்கா மகள் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள். வளர்ந்த நாய் என்றால் குணம் தெரியும், ஊசிகள் முடிந்திருக்கும், பார்வோ பயம் குறைவு. மோசடிக்காரர்களும் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை, குட்டி முகத்துக்குத்தான் மனசு உருகிப் பணம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் குடும்பம் முதலில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தது. மொட்டை மாடிச் சுவரின் உயரத்தைக்கூட நாயின் சொந்தக்காரர் கையால் அளந்து பார்த்தார். பணம் வேண்டாம் என்றார். அடுத்த ஞாயிறு கிளினிக்கிலேயே சந்தித்தோம். டாக்டர் ரீடரைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனதும் பீப் என்றது. அக்கா மகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு 15 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். சரியாக இருந்தது. ஊசி புத்தகம், கருத்தடைச் சான்று, கயிறு, அது சாப்பிடும் எவர்சில்வர் தட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

கேசரி என்று பெயர். இரண்டு நாள் கேட்டைப் பார்த்தே படுத்திருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, அக்கா மகள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அவள் கையிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டது.